திரைக்கு முதுகு உண்டு

சங்கராபுரத்தில் தை மாதத்து முகூர்த்தம் ஒன்று. மண்டபத்தில் மேடைக்கு இடப்புறம் கை கழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. அந்தக் குழாய்களும் அவற்றின் கீழே தேங்கிய சோற்றுப் பருக்கைகளும் கல்யாண வீடியோவில் விழுந்துவிடக்கூடாது என்று டெகரேஷன்காரர் ஒரு தட்டி கொண்டுவந்திருந்தார். கீல் போட்ட நான்கு பலகை. தங்க நிறத் தரையில் இரண்டு நாரைகள், வளைந்து நிற்கும் ஒரு பைன் மரம், இளஞ்சிவப்புப் பூங்கிளை, தூரத்தில் உச்சியில் மட்டும் பனி பிடித்த மலை. அச்சடித்த துணிதான். ஆனாலும் சீரியல் பல்பு வெளிச்சம் பட்டதும் அந்தத் தங்கம் கொஞ்சம் மினுங்கியது.

பையன் ஒருவன் அதைச் சுவர்போல நேராக விரித்து நிறுத்தினான். ஒரு நிமிடம் நின்றது. பெடஸ்டல் ஃபேன் இந்தப் பக்கம் திரும்பியதும் குப்புற விழுந்தது. சந்தனக் கிண்ணம் உருண்டது. பந்தல் வேலையிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவர் வந்து தட்டியைத் தூக்கி, பலகைக்குப் பலகை உள்ளும் வெளியுமாகத் திருப்பி வைத்தார்.

“நேரா வச்சா எப்பிடிடா நிக்கும்? மடிச்சி வை.”

நின்றது. பெண் வீட்டு ஆயா ஒருத்தி வெற்றிலையை மென்றுகொண்டே அதைப் பார்த்தாள். “இது எந்த ஊரு மலைப்பா?” “ஜப்பான் மலை ஆயா.” ஆயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நம்ம மலையில பனி இப்பிடித் தலையில நிக்காது, இடுப்புல நிக்கும்” என்று சொல்லிப் போனாள்.

மடித்தால்தான் நிற்கும் என்றதும், பனி இடுப்பில் நிற்கும் என்றதும், பந்தி முடிந்து இலையை மூடிய பிறகும் என்னோடு வந்தன. இந்தக் கட்டுரை அவர்கள் இருவருக்கும் கடன்பட்டது.

*

அந்தத் தட்டியின் பாட்டனுக்கு ஜப்பானில் பியோபு என்று பெயர். காற்றை மறைப்பது என்று அந்தச் சொல் பிரியும். மார்கழி ஊதலுக்குத் திண்ணையில் நாம் கட்டும் சாக்குப் படுதாவும், குடிசை வாசலில் சாத்தும் கீற்றுத் தட்டியும் செய்கிற அதே வேலை. சீனத்தில் பிறந்து கொரியா வழியாகப் போன பொருள் அது. 686-ஆம் ஆண்டு கொரியாவின் சில்லா அரசிலிருந்து வந்த காணிக்கைகளில் மடக்குத் திரையும் இருந்ததாக ‘நிஹோன் ஷோகி’ என்னும் பழைய வரலாற்று நூல் குறிக்கிறது. 8-ஆம் நூற்றாண்டுத் திரைகள் சில நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் இன்னமும் இருக்கின்றன.

முதலில் ஒவ்வொரு பலகையும் தனித்தனிப் படம். தனித்தனியே பட்டு விளிம்பு கட்டி, கயிற்றால் கோத்திருப்பார்கள். 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் காகிதக் கீல் வந்தது. பலகைகளின் விளிம்பில் காகிதப் பட்டைகளை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஒட்டினால் இரண்டு பக்கமும் மடியும். நடுவில் இடுக்கும் தெரியாது. இரும்பு இல்லை, ஆணி இல்லை. அந்தக் காகிதம்தான் ஓவியனை விடுவித்தது. ஒரு கிளை முதல் பலகையில் கிளம்பி நான்காவதில் போய்ப் பூக்கலாம். ஒரு ஆறு ஆறு பலகையையும் கடந்து ஓடலாம். பெரும்பாலும் இரண்டு திரைகள் ஒரு ஜோடி; வலமிருந்து இடமாகப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நடக்க நடக்க மடிப்பு ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டும். முழுப் படமும் ஒரே பார்வையில் கிடைக்காது. உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஒரு காடு, எழுந்து பார்ப்பவனுக்கு வேறு காடு.

சங்கராபுரத்துக்காரனுக்கு மடக்குத் திரை என்றால் நாரை ஞாபகம் வராது. ஆஸ்பத்திரிதான் வரும். மூன்று மடிப்பு இரும்புக் குழாய், அதில் சுருக்கிக் கட்டிய பச்சைத் துணி, காலில் கிறீச்சிடும் சக்கரம். வார்டில் நர்ஸ் அதைத் தள்ளிக்கொண்டு வரும்போது பேச்சு நின்றுவிடும். எந்தக் கட்டிலைச் சுற்றி அது மடிந்து நிற்கப் போகிறது என்று எல்லாக் கட்டில்களும் பார்க்கும். நின்ற பிறகு யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். என் அப்பாவின் கட்டிலைச் சுற்றி ஒரு முறை நின்றது. உள்ளே இருந்தபோதுதான் தெரிந்தது: அந்தத் துணி வெளியே இருப்பவர்களுக்கு மறைப்பு, உள்ளே இருப்பவனுக்கு அது ஒரு அறை. சுவரே இல்லாத இடத்தில், இரண்டு முழத் துணியும் மூன்று மடிப்பும் சேர்ந்து, ஒரு குடும்பம் வாய்விட்டு அழ ஓர் அறையைக் கட்டித் தந்துவிடுகின்றன.

*

நம் கடற்கரையின் பெயரிலேயே ஒரு மடக்குத் திரை உலகம் முழுக்கப் பேர் பெற்றிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கோரமண்டல் திரை. சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆயிற்று. 17-ஆம் நூற்றாண்டில் சீனத்தில் செய்த அரக்குத் திரைகள் அவை: பெரும்பாலும் பன்னிரண்டு பலகை, ஆள் உயரத்தைத் தாண்டும். கறுப்பு அரக்கைப் பூசிப் பூசிக் கெட்டியாக்கி, அதைச் செதுக்கி, செதுக்கிய பள்ளத்தில் நிறம் நிரப்பி, மாளிகைகளும் பறவைகளும் பூமரங்களும் ஆக்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் அவற்றை நம் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றன. வாங்கியவனுக்குச் செய்த ஊர் தெரியவில்லை. கப்பல் நின்ற கரைதான் தெரிந்தது. கரையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதாவது அந்தத் திரையில் ஒரு கீறல்கூடத் தமிழன் போட்டதில்லை. சுமை இறக்கி ஏற்றிய கூலியின் ஊர்ப்பெயரை முதலாளியின் சரக்குக்கு வைத்ததுபோல. இதில் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை. அந்த ஐரோப்பியப் பிரபுக்களோ திரையைத் திரையாகவும் விட்டுவைக்கவில்லை. பலகைகளை அறுத்து அலமாரிக்குக் கதவாக்கினார்கள், கண்ணாடிக்குச் சட்டமாக்கினார்கள், சுவரில் பதித்தார்கள். ஒரு மலையின் பாதி இழுப்பறையில், மீதி பக்கவாட்டில். மடிப்புப் போய்விட்டது. தட்டையான அழகு மட்டும் மிஞ்சியது.

கரைக்கும் எங்கள் மேட்டுநிலத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். தண்ணீர் உறவு. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கின்றன. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் வந்து இறங்கிய கோரமண்டல் துறைமுகம் அது. அந்தக் கரையிலிருந்து கிழக்கே போனது நம் கைவேலை. கலம்காரித் துணிகளை டச்சுக் கப்பல்கள் நாகசாகிக்குக் கொண்டுபோயின. ஜப்பானியர் அவற்றை ‘சரசா’ என்று அழைத்து, தேநீர்ச் சடங்கின் சிறு ஜாடிகளுக்கு உறை தைத்துப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். கோடு போட்ட நம் பருத்தித் துணிக்கு அங்கே ‘சாந்தோமே’ என்று பெயர். மயிலாப்பூர்ச் சாந்தோம்தான் அது. கலம்காரிக்குத் துணியைப் பக்குவப்படுத்தக் கடுக்காயும் பாலும் வேண்டும். கடுக்காய் கல்வராயன் மலைச் சரக்கு. மலைவாசிகள் இன்றும் பொறுக்கி விற்கிறார்கள். ஏதோ ஒரு கியோட்டோ வீட்டின் துணி உறையில் எங்கள் மலைக் கடுக்காயின் துவர்ப்பு ஒட்டியிருக்கும் என்று நான் எழுதினால் அது ஆசை, வரலாறு ஆகாது. ஆசைப்படுவதற்கு மட்டும் வழி இருக்கிறது.

திரை ஒன்று ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வந்த கதையும் உண்டு. 1916-ல் தாகூர் யோகோஹாமாவில் தங்கியிருந்தபோது ஷிமோமுரா கான்சான் வரைந்த ஒரு ஜோடித் திரையைப் பார்த்தார். ‘யோரோபோஷி’ என்று அதற்குப் பெயர். தங்கத் தரை, பூத்த பிளம் மரம், மரத்தடியில் கண் தெரியாத பிச்சைக்கார இளைஞன், எதிரே சாயும் சூரியன். அவனுக்குச் சூரியன் தெரியாது. ஆனால் கைகூப்பி நிற்கிறான்; அந்த மாலையின் நிலமெல்லாம் அவன் மனக்கண்ணில் விரிகிறது. தாகூர் அந்தத் திரையை அராய் காம்போ என்ற ஓவியரைக்கொண்டு படியெடுக்கச் செய்தார். அவரையே கல்கத்தாவுக்கு அழைத்து ஜொராசாங்கோ வீட்டில் ஓவியம் கற்பிக்கவும் வைத்தார். அந்தக் குடும்பத்து ஓவியர் அவனீந்திரநாத்திடம் படித்தவர்களில் ஒருவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவர் 1929-ல் சென்னைக் கலைப்பள்ளிக்கு முதல்வராக வந்தார். அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஓவியர்களுக்கென்று ஒரு கிராமம் தொடங்கினார். பெயர்: சோழமண்டலம். கப்பல்காரன் எடுத்துப்போன பெயரை ஓவியர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

*

ஆயா சொன்ன பனிக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு மேற்கே கல்வராயன். மார்கழியில் மொட்டைமாடியில் பல் துலக்கிக்கொண்டே பார்த்தால் மலை தெரியாது. மலையின் துண்டுகள் தெரியும். முதலில் கிட்டத்து முகடு கறுப்பாக. அதற்குப் பின்னால் வெள்ளை. வெள்ளைக்குப் பின்னால் சாம்பலில் ஒரு முகடு. மறுபடி வெள்ளை. கடைசி முகடு மலைதானா மேகமா என்று சொல்ல முடியாது. ஆயா சொன்னதுதான் சரி, பனி இடுப்பில் நிற்கிறது. வெயில் ஏறிப் பனி கலைந்ததும் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே பச்சைச் சுவராகிவிடும். அப்போது மலை பக்கத்தில் வந்துவிடும், ஆழம் போய்விடும்.

ஹாசேகாவா தோஹாகு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த ‘பைன் மரங்கள்’ திரையின் படத்தைப் பார்த்தபோது மொட்டைமாடிதான் நினைவுக்கு வந்தது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறு ஆறு பலகையாக ஒரு ஜோடி. தங்கம் இல்லை, நிறம் இல்லை. வெறும் கறுப்பு மை. சில மரங்கள் அழுத்தமாக, சில மரங்கள் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல. மற்றதெல்லாம் வெறும் தாள். வரையாமல் விட்ட அந்தத் தாள்தான் பனி. 1593-ல் தோஹாகுவின் மகன் கியூசோ இறந்தான், அவனும் ஓவியன். அந்த இழவுக்குப் பிறகு வரைந்த திரை இது என்று நம்புகிறவர்கள் பலர். இருக்கலாம். மரத்தை வரைந்தவன் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இல்லாமல் போன ஒன்றை வரைந்திருக்கிறான் என்பது மட்டும் துக்கம் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொரு கோடி ஒகாதா கோரின். கியோட்டோவில் பட்டு உடை வணிகக் குடும்பத்துப் பிள்ளை. 1700-ஐ ஒட்டி அவர் வரைந்த ‘ஐரிஸ்’ திரை தோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுக்கத் தங்கத் தகடு. அதன்மேல் நீலப் பூக்கள், பச்சை இலைகள். அவ்வளவே. குளத்தில் பூப்பவை அவை, குளத்தை வரையவில்லை. இந்தத் திரைக்கு மூலமான பழங்கதையில் அங்கே ஒரு பாலம் வரும், பாலத்தையும் வரையவில்லை. துணிக்கடைப் பிள்ளை அல்லவா, அச்சுத்தாள் வைத்து ஒரே பூக்கொத்தை இடம் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். சேலைக்கரை நெய்கிற கண் அது. ஒரே கொத்து திரும்பத் திரும்ப வருவது தெரிந்த பிறகும் சலிப்பதில்லை. மடிப்பு ஒவ்வொன்றும் அதை வேறு கோணத்தில் திருப்பிவிடுகிறது.

பூ என்றதும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். எங்களுக்குக் கிழக்கே திருக்கோவலூர். பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை. கபிலர் குன்று என்கிறார்கள். பாரி மகளை மலையனுக்குக் கொடுத்த பின் கபிலர் தீப்புகுந்த செய்தி அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராசராசன் காலத்துக் கல்வெட்டாகவே நிற்கிறது. அவர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் பெண்கள் அருவியாடிவிட்டுப் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் 99. பள்ளியில் அதை மனப்பாடப் பட்டியலாக்கிக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பட்டியலைச் சொல்வது கபிலர் இல்லை, தோழி. செவிலித்தாயிடம் தலைவியின் காதலை மெல்ல வெளிப்படுத்தப் போகிறவள், முதலில் பூவைப் பூவாக அடுக்குகிறாள். சொல்ல வேண்டிய சேதிக்கு முன்னால் அவள் நிறுத்துகிற மடக்குத் திரை அது. 99 பூ வரைந்த திரை. அதன் மடிப்பு ஒன்றில் களவு ஒளிந்திருக்கிறது.

ஜப்பானில் பியோபு-உதா என்று ஒரு பாட்டு வகையே இருந்தது. திரையில் எழுதுவதற்காகவே பாடுவது. கி நோ ட்சுராயுகி என்னும் பழம்புலவர் அப்படி நூற்றுக்கணக்கில் பாடியிருக்கிறார். வெளியே நின்று படத்தை வர்ணிப்பதைவிட, படத்துக்குள் நிற்கும் வழிப்போக்கனாகவோ வீட்டுக்காரியாகவோ மாறிப் பேசுவதுதான் அதில் அழகு. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்தைப் பார்க்கிறவனாக நின்றால் பாட்டு வராது. நிலத்துக்குள் ஓர் ஆளாக நின்றால்தான் வரும் என்று இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

*

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் ஒரு திரை உண்டு. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பழைய வேட்டியாகவோ சேலையாகவோகூட இருக்கும். துரியோதனன் வருகிறான் என்றால் சட்டென்று வந்துவிட மாட்டான். திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடுவான். சலங்கை மட்டும் கேட்கும். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே ஆடும் கால். கட்டியக்காரன் கேள்வி கேட்பான், அவன் பதில் சொல்வான். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்காரும். பிறகுதான் திரை விலகும். திரை இல்லாமல் நேராக வந்து நின்றால் அவன் பக்கத்து ஊர்ச் சம்சாரி. திரை அவனை அரசனாக்குகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மூன்று வகை எழினி சொல்கிறது: ஒருமுகம், பொருமுகம், கரந்துவரல். திரையை எந்தப் பக்கம் இழுப்பது என்பதே ஒரு சாத்திரமாக இருந்த ஊர் இது.

ஆகவே மறைப்பதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதை மறைக்கிறோம், யாருக்காக மறைக்கிறோம் என்பதில்தான் வழக்கு.

ஜப்பானியத் திரைகளில் பொன்மேகம் என்று ஓர் உத்தி. கியோட்டோ நகரத்தையே உள்ளும் புறமுமாக வரைந்த திரைகள் உண்டு. கானோ எய்தோகு வரைந்த ஒன்றை 1574-ல் ஓதா நொபுனாகா என்ற படைத்தலைவர் இன்னொரு தலைவரான உஎசுகி கென்ஷினுக்குப் பரிசளித்தார். அதில் ஏறத்தாழ 2500 மனிதர்கள்: மீன் விற்பவன், தேர் இழுப்பவன், நாய் விரட்டும் பையன். வீடுகளுக்கும் தெருக்களுக்கும் நடுவே தங்க மேகம் புரள்கிறது. இடத்துக்கு இடம் தாவவும், காலத்துக்குக் காலம் தாவவும் மேகம் உதவும். கூடவே, எந்தக் கூரை தெரியலாம், எந்தக் கூரை தெரியக்கூடாது என்றும் மேகம் முடிவு செய்யும். தங்கம் என்பதால் யாரும் ‘இங்கே என்ன இருந்தது?’ என்று கேட்பதில்லை.

எங்கள் மலைக்கும் அப்படி ஒரு பொன்மேகம். ‘ஏழைகளின் மலைவாசஸ்தலம்’ என்று ஊருக்கு ஊர் ஒட்டுகிற பெயர் இதற்கும் உண்டு. மேகம் அருவி, பெரியார் அருவி, ஞாயிற்றுக்கிழமை வேன், எண்ணெய்க் குளியல், பிளாஸ்டிக் குப்பை. நானும் பெரியார் அருவிவரை போய்க் குளித்துத் திரும்பியவன்தான். அதைத் தாண்டிப் போனதில்லை. அருவிப் படத்துக்குப் பின்னால் இருப்பது வேறு கணக்கு. நாடு குடியரசாகிக் கால் நூற்றாண்டு ஆன பிறகும் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அந்த ஆளுகை முடிந்தது. 2019-ல் எங்கள் பக்கத்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகுதான் எல்லாக் கேமராவும் மேற்கே திரும்பின. சாராயம் காய்ச்சும் மலை என்று முதலில் காட்டினார்கள். அடுத்த மாதம் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைவாசிகளின் வாழ்நிலையை விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான், அங்கே சாலை இல்லாத ஊர்கள் இருப்பது செய்தியாயிற்று. மலை அன்று வந்து நின்றதா என்ன? தினமும் எங்கள் மாடிக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷாமிசென் என்கிற ஜப்பானிய மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு மிக உயர்வானதாக அவர்கள் கருதும் மரம் செம்மரம். அது விளைவது ஆந்திரத்துச் சேசாசலம் பக்கத்துக் காடுகளில். அந்த மரத்தை வெட்டக் கூலிக்கு ஆள் பிடித்துப் போவது கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி மலை ஊர்களிலிருந்து. 2015 ஏப்ரலில் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் செத்தார்கள். வெட்டிய மரம் எந்தக் கப்பலில் எந்த நாட்டுக்குப் போகிறது என்று வெட்டியவனுக்குச் சொல்ல யாரும் இல்லை. கோரமண்டல் திரையின் கதைதான் இதுவும்: சரக்குக்குப் பெயர் உண்டு, சுமந்தவனுக்கு இல்லை.

*

சாகாய் ஹோயிட்சு என்று ஓர் ஓவியர். கோரினுக்கு நூறாண்டு பிந்தியவர். கோரினைக் குருவாகக் கொண்டவர். கோரினின் புகழ்பெற்ற திரை ஒன்றில் காற்றுக்கடவுளும் இடிக்கடவுளும் தங்க வெளியில் பாய்ந்து வருவார்கள். 1821-ஐ ஒட்டி, அந்தத் திரையின் பின்பக்கத்தில் வரையும் வேலை ஹோயிட்சுவுக்கு வந்தது. குருவின் முதுகில் வரைய வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? முன்பக்கம் தங்கம் என்பதால் பின்பக்கத்துக்கு வெள்ளித் தகடு ஒட்டினார். இடிக்கடவுளுக்கு நேர் பின்னால் மழையில் நனைந்து தலை தொங்கிய கோடைப் புல். காற்றுக்கடவுளுக்கு நேர் பின்னால் காற்றில் சாய்ந்து தவிக்கும் இலையுதிர்காலச் செடிகளும் பறக்கும் சருகும். மேலே கடவுள்கள் ஆடியதைக் கீழே பட்டுக்கொண்டது யார் என்று வரைந்துவிட்டார். எனக்குத் தெரிந்து ஓவியத்தில் இதைவிடப் பணிவான விமர்சனம் இல்லை. இன்று பாதுகாப்புக்காக முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரித்துத் தனித்தனித் திரைகளாக்கிவிட்டார்கள். பாதுகாப்புச் சரிதான், ஆனால் சுற்றி நடந்து பின்னால் போய்ப் பார்க்கும் அந்த நான்கு அடி நடை போயிற்று.

பின்பக்கம் மட்டுமல்ல, திரைக்கு உள்பக்கமும் உண்டு. மரச்சட்டத்தின்மேல் அடுக்கடுக்காகக் காகிதம் ஒட்டியே பலகை செய்கிறார்கள். வெளித்தாளுக்கு நல்ல காகிதம். உள்ளடுக்குக்குப் பழைய கணக்கு, கடிதம், ரசீது, கையில் கிடைத்ததெல்லாம். போர்ச்சுகலின் எவோரா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒரு ஜப்பானியத் திரை சிதைந்தபோது, அதன் உள்ளிருந்து 16-ஆம் நூற்றாண்டு ஏசு சபைப் பாதிரிமார் கால ஜப்பானியக் கையெழுத்துத் தாள்கள் கிடைத்தன. வெளியே இருந்த படம் போய்விட்டது. உள்ளே கழிவாக ஒட்டிய தாள்களை வரலாற்றாளர்கள் ‘எவோரா ஆவணங்கள்’ என்று போற்றுகிறார்கள்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். அழகான நிலக்காட்சி எதுவாக இருந்தாலும், அது திரையாக இருந்தாலும் திரைப்படமாக இருந்தாலும் அருவிப் போஸ்டராக இருந்தாலும், சுற்றி நடந்து பின்னால் போய்ப் பார்க்க வழி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்பு இருந்தால் வழி இருக்கும். ஃப்ளெக்ஸ் பேனர்போல எல்லாவற்றையும் தட்டையாக விரித்துக் காட்டுவதற்கு முதுகு கிடையாது. ஒரு காற்றுக்கு அது தாங்காது.

கல்யாணத்தன்று இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனபோது நானும் தட்டிக்குப் பின்னால் போனேன். முன்பக்கத்து நாரைக்கு நேர் பின்னால் வெளுக்காத காடாத் துணி. யாரோ ஈரக் கையைத் துடைத்த கறை. இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. அதற்குக் கீழே, முன்னால் பனிமலை இருந்த இடத்துக்குப் பின்னால், டெகரேஷன் பையன்கள் மார்க்கர் பேனாவில் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். மூரார்பாளையம், பாக்கி 1500. தியாகதுருகம், பாக்கி இல்லை. ரிஷிவந்தியம், ஃபேன் ஒண்ணு ரிப்பேர். கடைசி வரி: வெள்ளிமலை, வண்டிக் கூலி தனி.

நான் அருவியைத் தாண்டிப் போகாத மலைக்கு அந்தத் தட்டி போய்விட்டு வந்திருந்தது.